கரணம் போட்ட ராக்கெட்டும் கோழிக் கொட்டகை விளக்கும்

பொழுது இறங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். எங்கள் கோழிக் கொட்டகையின் விளக்குகள் அத்தனையும் ஒரே நேரத்தில் அணைந்தன.

கொட்டகை என்றதும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கூண்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். நாமக்கல்லுக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவில், எங்கள் மேட்டுக்காட்டின் இந்தக் கோடியில் ஆரம்பித்து அந்தக் கோடியில் முடிகிற கொட்டகை அது. விளக்கு போனதும் ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே குரலில் "கொர்ர்ர்" என்று முறையிட்டுவிட்டு அடங்கின. தீவனத்தின் மாவு வாசனையும் எருவின் காரமும் மட்டும் வழக்கம்போல் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தன.

நான் தீவனக் குடோனின் மொட்டைமாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் பைனாகுலர், கையில் ஸ்டாப்வாட்ச்.

"அணைச்சாச்சு புள்ள! பார்த்துட்டுச் சீக்கிரஞ் சொல்லு!" என்று கொட்டகைக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார்.

அந்தக் குரலில் இருந்த எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் என் பக்கமும் நியாயம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்த வார அத்தியாயம்.

எவர்சில்வர் தட்டு

பைனாகுலர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "முட்டை விற்கிற அம்மாவுக்கு வானத்தில் என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறார். ஐயா, முட்டை விற்கிற அம்மாவுக்கும் தலைக்கு மேல் வானம்தான் இருக்கிறது. அதை அண்ணாந்து பார்க்க லைசென்ஸ் வேண்டியதில்லை.

முதலில் பார்த்தது கரண்ட் போன ஒரு சாயங்காலம். நட்சத்திரம் மாதிரி ஒன்று மேற்கிலிருந்து வந்தது. வந்துகொண்டே பளிச்சென்று எரிந்தது, அணைந்தது. கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி பளிச்சென்றது. சத்தமே இல்லை.

"ஏரோப்ளேன் புள்ள" என்றார் வீட்டுக்காரர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

நாமக்கல்லில் பிறந்தவளிடம் விட்டு விட்டு எரிகிற விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? தெருவெல்லாம் லாரி நிற்கிற ஊர். இண்டிகேட்டர் எரிகிற வேகத்தை வைத்தே, பல்பு ஒன்று போயிருக்கிறது என்று சின்ன வயதிலேயே சொல்லுவோம். வானத்தில் போனது எந்த இண்டிகேட்டரும் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

மகளின் பழைய லேப்டாப்பில் தேடித்தான் விஷயம் பிடிபட்டது. செயற்கைக்கோளைக் கொண்டுபோய் மேலே விட்ட பிறகு, ராக்கெட்டின் கடைசித் துண்டும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். வேலை முடிந்த வெறும் உருளை. அதைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாததால் தலைகுப்புறக் கரணம் போட்டுக்கொண்டே போகும். வெயிலில் எவர்சில்வர் தட்டைக் கழுவித் திருப்பும்போது சுவரில் ஒரு வெளிச்சம் வந்து வந்து போகுமே, அதேதான். நமக்கு இங்கே இருட்டிவிட்டாலும் அந்த உயரத்தில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு பளிச்சுக்கும் அடுத்த பளிச்சுக்கும் நடுவில் எத்தனை விநாடி என்று அளந்தால், அது எவ்வளவு வேகமாகக் கரணம் போடுகிறது என்று சொல்லிவிடலாம். இதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. அவரவர் ஊரில் அளந்ததை இணையத்தில் ஒரே பட்டியலில் போட்டு வைப்பார்கள். நானும் போய்ச் சேர்ந்தேன். சும்மா சொல்லக் கூடாது, நான் அளந்தால் அளந்ததுதான்.

ஒரு கேள்விக்குறி

அந்த உருளையை நான் மூன்று வருஷமாகப் பின்தொடர்ந்தேன். அதற்கு ஒரு நீளமான நம்பர் உண்டு. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "தகரம்". "உன்ற தகரம் இன்னைக்கு வருதா?" என்று வீட்டுக்காரர் கேட்டால், நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று அர்த்தம்.

தகரம் எட்டு விநாடிக்கு ஒருமுறை பளிச்சிடும். எத்தனையோ நாள் அளந்திருக்கிறேன், எட்டுதான். இப்படிப்பட்ட உருளைகள் போகப்போகக் கரணம் போடுவதில் சோம்பேறியாகிவிடும், அதுதான் வழக்கம். என் தகரம் மாறாகச் செய்தது. பூமியை நோக்கிக் கீழே இறங்க இறங்க, விழப்போகிற காலத்தில், திடீரென்று ஐந்தரை விநாடிக்கு ஒருமுறை பளிச்சிட ஆரம்பித்தது.

சாகப்போகிற கிழவன் எழுந்து ஓடுகிற மாதிரி இருந்தது எனக்கு. அளந்து, அன்றைக்கே அனுப்பி வைத்தேன்.

பட்டியலைக் கவனித்துக்கொள்பவர் ஏதோ ஒரு குளிர் தேசத்துப் பெரியவர். தங்கமான மனிதர். பதிலும் தங்கமாகத்தான் எழுதினார். இந்த வாரம் வேறு யாரும் இதைப் பார்க்கவில்லை, உங்கள் பக்கத்தில் மட்டும்தான் நன்றாகத் தெரிகிறது, இவ்வளவு பெரிய மாற்றத்தை ஒரே ஒரு ஆள் சொன்னால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவது எங்கள் வழக்கம், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று.

கோபித்துக்கொண்டேன். கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று எனக்கும் தெரியும். வழக்கம் சரியான வழக்கம்தான். ஆனால் பட்டியலைத் திறந்தால் என் பெயருக்குப் பக்கத்தில், கொக்கி மாதிரி, ஒரு கேள்விக்குறி. சோற்றில் கல் கடிபட்டது போல் நாள் முழுக்க அதுவே உறுத்தியது. கணக்கில் தப்பு செய்தவள் என்று சொன்னால்கூடப் பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம். சந்தேகத்தை எப்படித் திருத்துவது?

இரண்டாவது ஆள் ஒருவர், என்னோடு பேசிவைத்துக்கொள்ளாமல், தனியாக அளந்து அதே எண்ணைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் தகரம் விழ இன்னும் சில நாள்தான் இருந்தது. நல்ல உயரத்தில் எங்கள் பக்கம் வரப்போவது ஒரே ஒரு சாயங்காலம்.

கல்லூரியில் என்னோடு பௌதிகம் படித்த வசந்தி மேட்டூரில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு அனல்மின் நிலையத்தில் வேலை. குவார்ட்டர்ஸ் மாடியிலிருந்து பார்த்து அளந்து சொல்வதாக ஒப்புக்கொண்டாள். இரண்டாவது ஆளுக்கு வழி பிறந்தது. இனி எனக்கு வேண்டியது இருட்டு.

பதினாறு மணி நேர வெளிச்சம்

அங்கேதான் சிக்கல். முட்டைக்கோழிக்கு ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேண்டும். சூரியன் கொடுப்பது போதாது. அதனால் சாயங்காலமானால் கொட்டகை முழுக்கக் குழல்விளக்கு எரியும். வரிசையாக எல்லாப் பண்ணையிலும் எரியும். இந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஏதோ திருவிழா என்று நினைத்துக்கொள்வதுண்டு.

அன்றைக்குத் தகரம் போகப்போகும் பாதை எங்கள் கொட்டகைக் கூரைக்கு நேர் மேலே, தென்கிழக்கில். அந்த வெளிச்சத்தில் அதைத் தேடுவது நடக்கிற காரியமில்லை.

"ஏனுங்க, ஒரே ஒரு நாளு. கால் மணி நேரம் வெளக்க அணைச்சு வெச்சாப் போதுமுங்க."

சோற்றில் கைவைத்தபடியே நிமிர்ந்தார். "வெளக்கையா? உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருக்குதா? பழக்கம் மாறுனா முட்டை கொறஞ்சிரும், தெரியுமல்ல?"

"கால் மணி நேரத்துல ஒண்ணும் கொறையாதுங்க."

"கோழி உங்கிட்ட சொல்லுச்சா?"

"அந்தக் கேள்விக்குறி எனக்கு வேண்டாமுங்க" என்றேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார். கை கழுவும் இடத்திலிருந்து, "கால் மணி நேரந்தான்" என்று குரல் வந்தது.

இப்படித்தான் அந்தச் சாயங்காலம் கொட்டகை இருண்டது.

இருட்டைப் பார்த்து வந்தவர்

விளக்கு அணைந்த மூன்றாவது நிமிஷம் வசந்தி போன் செய்தாள்.

"செல்வி, தப்பா நெனச்சுக்காதடி. டேம் பக்கம் மேகம் மூடிக்கிச்சு. ஒரு நட்சத்திரங்கூடத் தெரியல."

சரி என்று போனை வைத்தேன். அவள் என்ன செய்வாள்? மேட்டூர் மேகத்துக்கு என் கேள்விக்குறியைப் பற்றி என்ன கவலை? மூன்று வருஷம் பின்தொடர்ந்த தகரம், கடைசி முறையாக வரப்போகிறது. வந்து ஐந்தரை விநாடிக்கு ஒருமுறை கரணம் போட்டுக்காட்டினாலும், பார்த்தவள் நான் ஒருத்திதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது ரோட்டிலிருந்து இரண்டு ஹெட்லைட்டுகள் திரும்பி, நேராக எங்கள் களத்துக்குள் பாய்ந்தன.

வந்தவர் ரங்கசாமி, வேலூர்க்காரர், கோழி வியாபாரி. முட்டை போட்டு ஓய்ந்துபோன கோழிகளைப் பண்ணை பண்ணையாக வாங்கிப்போவது அவர் தொழில். எங்கள் கோழிகளை வருஷக்கணக்காக அவர்தான் எடுக்கிறார். அன்றைக்குக் கூட்டுரோடு டீக்கடையில் நின்றிருக்கிறார். தூரத்தில் விளக்கு வரிசைக்கு நடுவே எங்கள் கொட்டகை மட்டும் கறுப்பாகத் தெரிந்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் கொட்டகை இருட்டாக இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கோழி பிடிக்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் கோழி சிறகடித்து ரகளை செய்யும். அதனால் விளக்கை அணைத்துவிட்டுத்தான் பிடித்து ஏற்றுவார்கள். நல்ல முட்டை போட்டுக்கொண்டிருந்த கோழிகளை, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வேறு வியாபாரிக்குப் பிடித்துக் கொடுக்கிறோம் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். டீயைக்கூட முழுதாகக் குடிக்கவில்லையாம்.

"அண்ணே! இது நாயமுங்களா?" வண்டியை விட்டு இறங்கும் முன்பே குரல் வந்துவிட்டது. "கோழிக்கு ஏதாச்சுஞ் சீக்குங்களா? இல்ல நாந்தான் ஆகாதவனாப் போயிட்டனுங்களா?"

ஹெட்லைட் நேராக என் முகத்தில் அடித்தது. இருட்டுக்குப் பழக்கி வைத்திருந்த கண் இரண்டும் போயே போய்விட்டது.

"லைட்ட அணை ரங்கசாமி!" என்று நான் போட்ட சத்தத்தில் கோழிகள் மறுபடி ஒருமுறை "கொர்ர்ர்" என்றன. ஹெட்லைட் அணைந்தது. ஆனால் பதற்றத்தில் இண்டிகேட்டரைத் தட்டிவிட்டிருக்கிறார். களத்து வேப்பமரம் மஞ்சளாக எரிந்து எரிந்து அணைந்தது.

"அதையும் அணை!"

"அக்கா, நீங்க மேல என்ன பண்றீங்க?"

அந்த நேரத்தில்தான் எனக்கு யோசனை தட்டியது. மேட்டூர் போனால் போகட்டும். இரண்டு கண்ணும் ஒரு போனும் உள்ள மனிதர் என் களத்திலேயே நிற்கிறார்.

"மேல வா ரங்கசாமி. கோழி ஒண்ணும் போகல. சாமி சத்தியமா உனக்குத்தான் குடுப்போம். இப்ப வா!"

லாபம், ரெண்டு, மூணு

மூச்சிரைக்க மாடியேறி வந்தார். சுருக்கமாக விளக்கினேன். ஒரு வெளிச்சம் வரும், விட்டு விட்டு எரியும். எரிகிறதை எண்ண வேண்டும், முதலில் எண்ணுகிறபோது போனில் கடிகாரத்தை ஓடவிட்டு, கடைசியில் நிறுத்த வேண்டும். நான் என்ன எண்ணினேன் என்று சொல்ல மாட்டேன். நீயும் முடிகிறவரை சொல்லாதே.

"இதுக்காகவா வெளக்க அணைச்சீங்க?"

"பேசாத. வாயை மூடிட்டு எண்ணு."

"வாயை மூடுனா எனக்கு எண்ண வராதுங்க்கா."

"அப்பத் தள்ளிப் போய் எண்ணு!"

மாடியின் அந்த மூலைக்குப் போய் நின்றார். நான் தென்மேற்கில் கண்ணை வைத்தேன். கண் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. தகரம் வரவேண்டிய நேரமும் வந்துவிட்டது.

பளிச்.

தென்னை மரங்களுக்கு மேலே, இதுவரை நான் பார்த்ததிலேயே பிரகாசமாக. தாழ்வாக வந்ததால் வேகமாகவும் போனது. ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். அந்த மூலையிலிருந்து "அடடா!" என்று ஒரு சத்தம். அவர் சுதாரித்துக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் நாலு பளிச் போய்விட்டது. பிறகு, கோழியை எண்ணும் அதே ராகத்தில், முணுமுணுவென்று கேட்டது. "லாபம்... ரெண்டு... மூணு..."

நான் காதைப் பொத்தாத குறை. என் எண்ணிக்கையிலேயே நின்றேன். கொட்டகைக் கூரையைத் தாண்டி, தென்கிழக்கில் சரிந்து, பூமியின் நிழலுக்குள் நுழையும் இடத்தில் கடைசியாக ஒரு பளிச். பிறகு ஒன்றுமில்லை. தகரம் போய்விட்டது.

ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். எண்பத்தெட்டு விநாடி, பதினாறு. ஐந்தரையேதான்!

"உன்னுது சொல்லு ரங்கசாமி."

"அறுவத்தாறு விநாடிங்க்கா. பதிமூணு."

வகுத்துப் பார்த்தேன். ஐந்து, கொஞ்சம் சில்லறை. மறுபடி வகுத்தேன். அதேதான்.

இடிந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு ஐந்தரை, அவருக்கு ஐந்து. இப்படி அனுப்பினால் குளிர் தேசத்துப் பெரியவர் ஒன்றுக்கு இரண்டு கேள்விக்குறியாகப் போடுவார். ஆனால் நான் தப்பாக எண்ணவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். இவரும் தப்பாக எண்ணுகிற ஆள் இல்லை. இருட்டில், சிறகடிக்கிற கோழிகளை லாரி லாரியாக எண்ணி ஏற்றுகிறவர். அப்படியானால் இரண்டு பேரும் சரி. அது எப்படி?

அந்த முணுமுணுப்பு காதில் திரும்ப ஓடியது.

"ரங்கசாமி, கடிகாரத்தை எப்ப ஓடவிட்டே?"

"லாபம்னு சொல்லறப்பங்க."

"லாபம்னா ஒண்ணு?"

"ஆமாங்க. நெல்லளந்தாலும் கோழி எண்ணுனாலும் மொத எண்ணிக்கை லாபந்தானுங்களே. ஒண்ணுன்னு எந்த ஏவாரியாச்சும் ஆரம்பிப்பானுங்களா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் முதல் பளிச்சைப் பூஜ்யம் என்று எண்ணுவேன். ஏனென்றால் அப்போதுதான் கடிகாரமே ஓட ஆரம்பிக்கிறது. இன்னும் ஒரு இடைவெளிகூட முடியவில்லை. அவர் அதையே லாபம் என்று ஒன்றாக எண்ணிவிட்டார்.

"வேலிக்குப் பதிமூணு கல்லுக்கால் நட்டா, நடுவுல எத்தனை சந்து?"

விரல்விட்டு எண்ணினார். "பன்னெண்டுங்க." பிறகு அவருக்கே விளங்கிவிட்டது. "அட ஆமாங்க்கா! நாங் காலை எண்ணிப்போட்டனுங்க, நீங்க சந்தை எண்ணியிருக்கறீங்க!"

அறுபத்தாறைப் பன்னிரண்டால் வகுத்தேன். ஐந்தரை. மாடியிலேயே கைதட்டினேன். தட்டியது எனக்கா, ரங்கசாமிக்கா, தகரத்துக்கா என்று இன்றைக்கும் தெரியாது. கீழே கொட்டகை விளக்குகள் வரிசையாக எரிந்தன. கால் மணி நேரம் முடிந்துவிட்டிருந்தது.

சுவிட்ச் பிடித்த கை

இரண்டு பேர் அளந்ததையும் அளந்தபடியே அனுப்பினேன். லாபக் கணக்கையும் விவரமாக எழுதினேன். அடுத்த சில நாளில் தகரம் ஏதோ ஒரு கடலுக்கு மேலே எரிந்து விழுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. யாரும் பார்க்கவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. மறுநாள் பட்டியலைத் திறந்தேன். கடைசி வரியில் ஐந்தரை. எதிரே இரண்டு பெயர், என்னுடையதும் ரங்கசாமியுடையதும். கேள்விக்குறி இல்லை. அதற்கு முன்பு போட்டிருந்த கேள்விக்குறியையும் அந்தப் பெரியவர் எடுத்துவிட்டிருந்தார்.

முட்டை குறைந்ததா என்று கேட்பீர்கள். குறையவில்லை. குறைந்திருந்தால் பைனாகுலர் பரணுக்குப் போயிருக்கும், இந்த அத்தியாயமும் வந்திருக்காது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"என்ற பேரு எங்க?"

"நீங்க பாக்கவே இல்லீங்களே."

"நானும் மேல வந்து பார்த்திருந்தா சுவிட்சுகிட்ட ஆரு நிக்கறது? கோழி மெரண்டு கூண்டுல அடிச்சுக்கிட்டா உடனே போடோணுமல்ல? நட்டநடுக் கொட்டகையில நின்னுட்டிருந்தேன். கொசு புடுங்கித் தள்ளிப்போடுச்சு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் ரங்கசாமியும் மாடியில் வானத்தைப் பார்த்துக் கூத்தடித்த அத்தனை நேரமும், இந்த மனிதர் கொட்டகைக்குள் கும்மிருட்டில் சுவிட்சில் கைவைத்து நின்றிருக்கிறார். வெளியே தலையை நீட்டியிருந்தால் தகரம் தெரிந்திருக்கும். நீட்டவில்லை. மூன்று வருஷம் என் வாயிலிருந்து கேட்ட தகரத்தை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அன்றைக்கே குளிர் தேசத்துக்கு எழுதினேன். பதில் வர அதிக நேரமாகவில்லை. கடைசி வரியின் குறிப்பு என்ற இடத்தில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது: "கொட்டகை விளக்கை அணைத்து நின்றவர், பொன்னுசாமி."

காட்டினேன். இரண்டு முறை படித்தார். "ம்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தீவனம் கலக்கக் கிளம்பினார். வாசலைத் தாண்டியதும் போனில் அவர் குரல் கேட்டது.

"ஏப்பா ரங்கசாமி, எங்கிருக்கறே? என்ற பேரும் வந்திருச்சு, பார்த்தியா?"